நனைக்காத துணியில் தைத்த உறை

கிளிநொச்சியில் மார்கழிப் பனி இறங்கும் இரவுகளுக்கென்று கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய பஞ்சுப் போர்வைக்கு ஓர் உறை தைப்பிக்க நான் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. கடையில் ஆயத்தமாகக் கிடைத்த உறைகளெல்லாம் பொலியெஸ்டர். வியர்வையை உறிஞ்சாத அத்துணி, போர்த்திய சிறிது நேரத்திலேயே உடம்பைப் புழுங்கவைக்கும். ஆகவே 45 அங்குல அகலப் பருத்தித் துணி வாங்கி, இரண்டு துண்டுகளை மூட்டித் தைக்கும்படி கொடுத்தேன். நெசவின்போது இழுபட்டு நிற்கும் பருத்தி நூல் முதல் தோய்ப்பிலேயே சுருங்கும் என்பதையும், அதனால் வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பதையும் தைப்பவர் அறியாதவரல்லர். இருந்தும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. இப்போது உறை சுருங்கி, போர்வை உள்ளே மடிந்து கிடக்கிறது. அதைவிட எரிச்சல், உள்மூலைகளில் போர்வையைக் கட்டுவதற்கு நான் கேட்டிருந்த நாடாக்களை அவர் வைக்காதது: நடுச்சாமத்தில் போர்வை முழுவதும் கால்மாட்டில் திரண்டுவிட, நெஞ்சின்மேல் வெறும் துணிதான் மிஞ்சுகிறது. (அம்மா பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை ஒருநாளும் இப்படி நகர்ந்ததில்லை.) தையலைப் பிரித்து, ஓரத்தில் 4 அங்குல ஒட்டுத் துணியும் நாடாக்களும் சேர்க்கச் சொல்லி நாளை மறுபடியும் அங்கே போகிறேன்.