லால்குடி ஜெயராமனும் பக்கவாத்தியம் என்ற சொல்லும்

வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், தாளச் சொற்கட்டுகளைக் கொண்டு அவர் இயற்றிய தில்லானாக்களும் தனி வயலின் கச்சேரிகளுமே முதலில் நினைவுகூரப்படுகின்றன. அவை நினைவுகூரத் தக்கவைதான். ஆனால் 12 வயதில் அவர், பாடுபவருக்குத் துணையாக வாசிக்கும் பக்கவாத்தியக்காரராகவே மேடையேறினார் என்பதையும், அதன் பின் பல ஆண்டுகள் பெரிய வித்வான்களுக்குப் பக்கம் வாசித்தார் என்பதையும் வெறும் தொடக்க நிலையாகக் கருதி ஒரே வரியில் தாண்டிச் செல்வது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. அவருடைய மேதைமை உருவானதே அந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1930 செப்டம்பர் 17 அன்று பிறந்த அவருக்குத் தந்தை வி.ஆர். கோபால ஐயரே குரு. தியாகராஜரின் நேரடிச் சீடரான லால்குடி ராமய்யரின் வழிவந்த குடும்பம் அது. பரம்பரை கொடுத்தது பெரிய செல்வம், ஐயமில்லை. எனினும் பரம்பரையால் மட்டும் கற்றுத்தர முடியாத ஒன்று உண்டு. அது, இன்னொருவருடைய மனம் அடுத்து எங்கே போகப்போகிறது என்பதை அந்தக் கணத்தில் உணர்வது.

பக்கவாத்தியம் என்றால் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள்; ஆண் பாடகர்களின் சுருதி பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும், பெண்களுடையது 5 கட்டையை ஒட்டியும் இருக்கும். பாடுபவர் மாறும்போது வயலினின் தந்திகளையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். தந்தியின் முறுக்கு மாறினால் வில்லின் அழுத்தமும் மாறும். ஒத்திகை என்பது அநேகமாகக் கிடையாது. பாடகர் பத்து நிமிடம் ஆலாபனை செய்து, அதாவது சொல்லும் தாளமும் இன்றி ராகத்தை விரித்துப் பாடி முடித்ததும், அதே ராகத்தை அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லாமலும், அவருடைய மனநிலையிலிருந்து விலகாமலும், பாதி நேரத்துக்குள் வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைய பெரும் பாடகர்களில் அரியக்குடியின் கச்சிதம், ஜி.என்.பி.யின் மின்னல் பிருகாக்கள் என்னும் அதிவேக ஸ்வர அடுக்குகள், ஆலத்தூர் சகோதரர்களின் லயக் கணக்கு, செம்மங்குடியின் பிடிவாதமான ராக விசாரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காது வேண்டும். இத்தனை பேருக்கும் வாசித்து, ஒவ்வொருவருக்கும் பொருத்தமாக இருந்தவர் லால்குடி.

லால்குடி பக்கம் வாசித்த, பாடகர் மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒலி தெளிவாக இல்லை. ஆனாலும் ஸ்வரங்களை அந்தக் கணத்திலேயே கோத்துப் பாடும் கற்பனாஸ்வரப் பகுதியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மணி ஐயர் கணக்கு வழக்கில் சிக்காமல், தாளத்தின் இயல்பான நடையிலேயே, சர்வலகுவாக ஸ்வரங்களை ஓடவிடுகிறார். அவர் மூச்சு வாங்கும் அந்த அரை நொடியில் வயலின் நுழைகிறது. முழு வரியையும் பின்பற்றாமல், அதன் கடைசி இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் மெல்லத் தொட்டு, அடுத்த வரிக்கு இடம்விட்டு ஒதுங்கிவிடுகிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த வேறொரு கையை நான் கேட்டதில்லை.

அவருடைய தனிக் கச்சேரிகளில் நாம் வியக்கும் அழகும் இதிலிருந்து வந்ததுதான். கீர்த்தனையை வாசிக்கும்போது சாஹித்தியத்தின், அதாவது பாடல் வரியின், எழுத்து விழும் இடத்தில் வில் மாறும். நெடில் நீளும் இடத்தில் ஒரே வில்லில் இழை அறாமல் போகும். சொற்கள் இல்லாத வாத்தியத்தில் சொற்கள் கேட்டன. பாடுபவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த ஒருவருக்கே அது கைவரும். 1966இல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் ஆகியோருடன் அவர் தொடங்கிய வேணு–வயலின்–வீணைக் கூட்டிலும், மூவரில் யாருடைய குரலும் அமுங்காமல் இருந்ததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்பேன். 2001இல் பத்மபூஷண் வந்தது. 2013 ஏப்ரலில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் எனக்குத் தென்பட்டவை பெரும்பாலும் தில்லானாக்களைப் பற்றியவைதான்.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற மார்கழியில் ஒரு சபாவில் நான் கண்ட காட்சி. பாடகர் தோடி ராகத்தை விரிவாகப் பாடி முடித்தார்; அரங்கம் கைதட்டியது. வயலின் வாசித்த இளம்பெண் வில்லை எடுத்ததும் எனக்கு முன்னிருந்த இரண்டு வரிசைகளில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போனார்கள். சிலர் அலைபேசியைத் திறந்தார்கள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. காந்தார ஸ்வரத்தில் நெடுநேரம் நின்று, பாடகர் தொடாமல் விட்ட ஒரு ராகப் பிடியை எடுத்து, மேல் ஷட்ஜத்துக்குக் கொண்டு சேர்த்தார். பாடகர் சட்டென்று அவர் பக்கம் திரும்பி, "ஆஹா" என்று சொல்லிவிட்டு, தாளம் போடும் கையைத் தொடை மீது வைத்தபடி கண்களை மூடிக் கேட்கத் தொடங்கினார்.