எண்ணெய் குடிக்காத ஜெனரேற்றர்

“கேம் தானே அண்ணை, அதுக்குள்ள போய் லொஜிக் தேடுறீங்களே!” இந்த வசனத்தோடு இனி ஒருத்தரும் என் வாசலுக்கு வர வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெரியம்மாவின் மகன் சொல்கிறான், அவனுடைய கூட்டாளிப் பொடியள் சொல்கிறார்கள், கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் மனிசியும் அவர்களோடு சேர்ந்துகொண்டு சொல்கிறாள்.

விசயம் இதுதான். ஃபோல்அவுட் 4 விளையாடுகிறேன். 2015இல் வந்த கேம். என்னிடம் இருக்கிற கொம்பியூட்டருக்கு அதற்கு மேல் தாங்காது. கதைப்படி 2077இல் அணுகுண்டு விழுந்து உலகம் நாசமாகிறது. நாங்கள் 210 வருசம் உறைந்து கிடந்துவிட்டு 2287இல் பொஸ்டன் பக்கம் எழும்பி வருகிறோம். சுற்றவர இடிந்த வீடு, துருப்பிடித்த கார், பிய்ந்த ரோட்டு. உறைந்து கிடந்தவன் எழும்பி நடப்பதைக்கூட நான் கேள்வி கேட்கவில்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது, ஒத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அப்புறம் ஊர் கட்டச் சொல்கிறது. கறண்ட் வேண்டுமா, ஜெனரேற்றர் செய். இரும்பு, செம்பு, இறப்பர், திருகாணி என்று குப்பையெல்லாம் கிளறிப் பொறுக்கிக்கொண்டு வந்தால் சின்னதாக ஒன்று முளைக்கிறது. கடகடவென்று சத்தம் வேறு. வயரை இழுத்தால் லைற் எரிகிறது, தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின் ஓடுகிறது. நான் அந்த ஜெனரேற்றரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். குந்தியிருந்தும் பார்த்தேன். எண்ணெய் எங்கே ஊத்துவது?

ஊத்தவே தேவையில்லையாம்! பெற்றோல் வேண்டாம், டீசல் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். ஒருக்கால் செய்து வைத்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உலகம் அழிந்த பிறகு மனிசர் எப்படித் தப்பிப் பிழைக்கிறார்கள் என்று காட்ட எடுத்த கேமில், எரிபொருள் என்ற கவலையே ஜெனரேற்றருக்கு இல்லை.

இலங்கையின் வன்னியில் வளர்ந்த ஒருத்தனை இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இரு என்றால் எப்படி? எங்கள் பக்கம் மின்சாரக் கம்பி வந்ததே சண்டை முடிந்த பிறகு. அதற்கு முந்தி, 1990இல் பொருளாதாரத் தடை போட்டதிலிருந்து 2002 சமாதான காலம் வரைக்கும் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பொருள். மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறையே ஓ.எல். பரீட்சை எடுத்தது. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருத்தர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவில் ரேடியோ கதைக்கும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிப் போகும். “டேய், சுத்தடா, சுத்தடா!” என்று பக்கத்து வீட்டு அப்பு கத்துவார்.

மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சும்மா ஓடாது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடு பிடித்த பிறகுதான் அது மண்ணெண்ணெயை ஏற்கும். வழியில் நின்று எஞ்சின் ஆறிவிட்டால் திரும்பவும் அந்த நாலு சொட்டு வேண்டும். அந்தச் சின்னப் போத்தல் பெற்றோலைத் தாலிக்கொடி மாதிரிப் பொத்தி வைத்திருந்தார்கள். அதை எடுத்து வைத்து ஒரு கேம் செய்யுங்கள் பார்ப்போம்! நாலு சொட்டை வைத்துக்கொண்டு இருட்டில் காட்டு ரோட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பயணம். எந்த ராட்சதப் பிராணியும் துரத்தத் தேவையில்லை, நெஞ்சு தானாக அடிக்கும்.

அது பழங்கதை என்று தள்ளுகிற பொடியளுக்கு 2022 மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலக் கறண்ட் வெட்டு. பெற்றோல் செட்டில் முடிவே தெரியாத வரிசை. பிறகு ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுத் தருவதற்குக் கியூஆர் கோட் வந்தது. அந்த நாட்களில் வீட்டில் ஜெனரேற்றர் வைத்திருந்த பணக்காரனும் அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான். அதே பெரியம்மாவின் மகன்தான் எங்களோடு கான் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவன். இப்போது வந்து எனக்கு “கேம் தானே” என்கிறான்.

நான் கேட்பது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் கிடையாது. நடக்க முடியாததை வையுங்கள், தாராளமாக வையுங்கள். ஆனால் நீங்கள் வைத்த சட்டத்தை நீங்களே மிதிக்காதீர்கள். 2008இல் வந்த டெட் ஸ்பேஸ் என்ற கேமில் எஞ்சினியரின் உடுப்பில், முதுகுத்தண்டு நெடுக, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற ஒரு வெளிச்சக் கோடு இருக்கும். பார்த்தவுடனே விளங்கும். ஆபத்தான இடத்தில் வேலை செய்கிறவனின் நிலைமை பின்னால் நிற்கிற ஆளுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அது முதுகில். கையில் இருக்கிற ஆயுதமும் சுரங்கத்தில் பாறை வெட்டுகிற கருவி. விண்வெளியில் பிணங்கள் எழும்பி நடக்கிற கதை அது, ஆனாலும் நான் வாயே திறக்கவில்லை.

இங்கேயோ, ஜெனரேற்றரை விட்டுத்தள்ளினாலும் ஃபியூஷன் கோர் இருக்கிறது, அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்கிற பற்றரி மாதிரி ஒரு சாமான். பவர் ஆர்மர் என்ற இரும்புக் கவசத்துக்கு உயிர் அதுதான். எங்கே எடுக்கிறோம்? இடிந்த கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில், போருக்கு முந்திய ஜெனரேற்றர்களிலிருந்து உருவி எடுக்கிறோம். 210 வருசமாக அதற்குள் கிடந்த சாமான். அதே கோரைக் கவசத்துக்குள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடித் திரிந்தால் முள்ளு இறங்கி வற்றிப் போகிறது. இரண்டு நூற்றாண்டு தாங்கியதை என்னுடைய கால் இரண்டும் குடித்துத் தீர்க்கின்றனவாம். இந்தத் தொடரின் முதல் கேம் 1997இல் வந்தபோது, அந்தக் கவசத்துக்குள் 100 வருசத்துக்குப் போதுமான எரிபொருள் இருக்கிறது என்று அந்தக் கேமிலேயே எழுதியிருந்தது. எழுதினதை வாசிக்கக்கூட நேரமில்லையா?

ஒரே ஒரு வரியில் இதைச் சரிக்கட்டியிருக்கலாம். 1977இல் அனுப்பிய வொயேஜர் விண்கலங்கள் புளூட்டோனியம்-238இன் சூட்டில்தான் ஓடுகின்றன. அந்தப் புளூட்டோனியம் 87.7 வருசத்தில் பாதியாகும். வருசா வருசம் ஏறத்தாழ 4 வாட் குறைய, நாசாக்காரர் ஒவ்வொரு கருவியாக நிற்பாட்டிக்கொண்டு வருகிறார்கள். அதே கணக்குப்படி 210 வருசத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. “கோருக்குள் கிடப்பது அடிமண்டிதான், அதனால் கெதியில் முடியும்” என்று ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்திருந்தால் நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ஃபியூஷன் என்று பெயர் வைத்ததால் அப்படிச் சொல்ல முடியாது என்றால், வேறு ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள். காரணமே சொல்லாமல் கையை விரிக்காதீர்கள்.

உண்மையான ஃபியூஷன் எந்த நிலையில் இருக்கிறது தெரியுமா? 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2.05 மெகாஜூல் லேசரை அடித்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். உலகமே கைதட்டியது, நானும்தான். அந்த 3.15 மெகாஜூல் எங்கள் கறண்ட் பில்லில் ஒரு யூனிற்றுக்கும் குறைவு. லேசரை இயக்குவதற்கு மட்டும் சுமார் 300 மெகாஜூல் கறண்ட் போனது. அதனால் கேமில் ஃபியூஷன் வரவே கூடாது என்கிறேனா? வரட்டும், கைக்குள் அடங்கட்டும். வந்தது வந்த மாதிரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளட்டும்.

குண்டு விழுந்த நாளில் பிரிட்ஜுக்குள் ஒளித்த பையன், சோறு தண்ணி இல்லாமல் 210 வருசம் உள்ளேயே இருந்து உயிரோடு வெளியே வருகிற கட்டத்தைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை. பிரஷர் ஏறும்.

ஆனால் குப்பையைப் பற்றிக் கதைப்பேன். அத்தனை வருசம் கழிந்தும் சனம் குடியிருக்கிற வீடுகளுக்குள் உடைந்த ஓடு, கடதாசி, போத்தல், சில இடங்களில் மனித எலும்புக்கூடு. குழாயை அறுத்துத் துவக்குச் செய்யத் தெரிந்தவனுக்கு விளக்குமாறு கட்டத் தெரியவில்லையாம். 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்த எங்கள் சனம் என்ன செய்தது? தறப்பாளை இறக்கி வைத்த கையோடு வளவைக் கூட்டினார்கள், கிணற்றை இறைத்தார்கள். கூரை வருவதற்கு முந்தியே வாசலில் தண்ணீர் தெளித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அழிவைப் பற்றிக் கேம் செய்கிறவர்கள் அழிவுக்குள் இருந்து வந்த ஒருத்தரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா?

பெரியம்மாவின் மகனுடைய கடைசிச் சாட்டு: “ஒவ்வொருக்காலும் எண்ணெய் ஊத்தச் சொன்னா ஆர் அண்ணை விளையாடுறது? சலிச்சுப்போகும்.” அப்படியா? 2016இல் இதே கேமின் சர்வைவல் மோட்டை, அதாவது உயிர் பிழைப்பதையே கஷ்டமாக்குகிற விளையாட்டு முறையை, மாற்றி வெளியிட்டார்களே, அது என்ன? அதில் பசிக்கும், தாகம் எடுக்கும், நோய் வரும். துவக்குச் சன்னத்துக்கும் பாரம் உண்டு. படுத்து எழும்பினால்தான் சேவ் ஆகும். அதை விரும்பித்தான் விளையாடுகிறார்கள். நான் தண்ணீர் குடிக்காவிட்டால் செத்துப்போவேனாம், ஜெனரேற்றருக்கு மட்டும் தாகமே எடுக்காதாம்!

எண்ணெய் வேண்டும் என்று வைத்திருந்தால் எவ்வளவு கதை வந்திருக்கும்! பழைய பெற்றோல் செட் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பவன் அந்தப் பகுதிக்கே ராசாவாக இருப்பான். சோளத்திலிருந்து ஸ்பிரிற் வடிக்கத் தெரிந்த ஒரு ஆச்சிக்கு ஊரே காவல் நிற்கும். அந்தக் கேமில் சோளமும் விளைகிறது, கவனியுங்கள். இராத்திரி லைற்றை எரிப்பதா, தண்ணி மிஷினை ஓடவிடுவதா என்று ஊர் கூடிச் சண்டை பிடிக்கும்.

இப்போது புதுப்பாட்டு ஒன்று தொடங்கியிருக்கிறான். “ஆராவது அதுக்கு மொட் செய்திருப்பாங்கள் அண்ணை, தேடிப் போடுங்கோ.” மொட் என்றால் விளையாடுகிறவர்கள் தாங்களே கேமில் செய்கிற மாற்றம். காசு கொடுத்து வாங்கிய கேமில், அவர்கள் செய்யாமல் விட்ட வேலையை எங்கேயோ இருக்கிற ஒரு பொடியன் சம்பளம் இல்லாமல் செய்து தர வேண்டுமாம். அதை இறக்குகிற டேட்டாவுக்கும் நானே காசு போட வேண்டுமாம்.