சுதந்திர நாளில் கணக்குக் கேட்பது குற்றமா?

ஆகஸ்ட் 15 அன்று நடந்த ஒரு கிராம சபையில் குடிநீர்க் குழாய்ப் பணியின் செலவுக் கணக்கைக் கேட்ட ஓர் அம்மாவை, "நல்ல நாளும் அதுவுமா பிரச்சினை பண்ணாதே" என்று அதட்டி உட்கார வைத்த காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதட்டியவர்களைக் காட்டிலும், அந்தக் காணொளிக்குக் கீழே கைதட்டிக் கருத்து எழுதியவர்கள்மீதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூட்டப்படுவதே கேள்வி கேட்பதற்காகத்தான். 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியிருக்கின்றன. அங்கே கணக்குக் கேட்டவர் விழாவைக் கெடுக்கவில்லை. அந்தப் பந்தலில் சுதந்திர நாளை முறையாகக் கொண்டாடியவரே அவர்தான்.

என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். கிராம சபையில் தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் ஊரிலும் இருந்தது. ஓர் ஆண்டு, அந்தத் தீர்மான நோட்டு தம்மிடம் வந்தபோது, "எழுதி, வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அலுவலரான பற்றாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் கையெழுத்துப் போட மறுத்ததால், மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் தீர்மானம் அன்றே பதிவேட்டில் ஏறியது. அவரையும் அன்று திமிர் பிடித்தவள் என்றுதான் பேசினார்கள்.

காணொளிக்குக் கைதட்டியவர்களே, வேறொரு நாளில் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமே என்கிறீர்கள். கொடுக்கலாம்தான், ஆனால் ஊரே கூடியிருக்கும்போது கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும். குரலை உயர்த்தினார் என்கிறீர்கள். ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது என்பதைக் காணொளியில் மறுபடியும் பாருங்கள். கொடிக்கு மரியாதை வேண்டாமா என்றும் கேட்கிறீர்கள். 1932இல் திருப்பூரில் தடியடி பட்டு உயிர்விட்ட குமரன், அதிகாரத்தின் எதிரே நின்றுதான் கொடியைப் பிடித்திருந்தார். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அல்ல.

அந்த அம்மாவைத் தேசத்துரோகி என்று எழுதியவர்களில் என் உறவினர்களும் உண்டு என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் ஊராட்சியில் கிராம சபை எந்த இடத்தில் நடந்தது என்று அவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 15க்கு அடுத்த கிராம சபை வழக்கமாக அக்டோபர் 2 அன்று கூடும். அன்றைக்காவது வந்து உட்காருங்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் தேசபக்தியைப் பற்றி என்னிடம் பேசலாம்.