அந்தப் பெட்டியைச் செம்புக்காக உடைக்க வேண்டாம்

போன கிழமை கிளிநொச்சியில் பழைய இரும்பு வாங்கும் இடமொன்றில் ஒரு பழைய ரிசீவரைக் கண்டேன், ரேடியோவும் அம்பிளிஃபயரும் ஒன்றாக உள்ளே இருக்கிற பெட்டி. அலுமினிய முகப்பு, இரண்டு பக்கமும் மரப்பலகை. ட்ரான்ஸ்போமரைப் பிடுங்கி எடுக்கச் சுத்தியலோடு நின்றார்கள். அதற்குள் இருக்கும் செம்புக் கம்பிதான் அவர்களுக்குக் காசு. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, நிறுத்துப் பார்த்துக் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு யப்பான் சாமான்கள் நாட்டுக்குள் வந்து குவிந்த காலம். மாமா சவுதியில் உழைத்த காசில் 1981இல் கொண்டுவந்த சன்சுயி. மலையும் நீரும் என்பது அந்தப் பெயரின் பொருள். 1947இல் அந்தக் கொம்பனி ட்ரான்ஸ்போமர் செய்யத்தான் தொடங்கியது. உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரால் எங்கள் பெட்டியும் நல்ல பாரம். ஸ்டேஷன் பிடிக்கிற குமிழை ஒருதரம் சுண்டிவிட்டால், பின்னால் இருக்கும் கனமான சில்லு தானாகவே சுழலும். கண்ணாடிக்குப் பின்னால் முள்ளு ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு வழுக்கிக்கொண்டு போகும். அப்பா திருச்சி வானொலியை அப்படித்தான் பிடிப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கறன்ற் போனது, பற்றரிக்கும் தடை. 230 வோல்ற் இல்லாமல் சன்சுயி வாய் திறக்காது. அதை அம்மா துணியால் மூடிவைத்தா. அதற்குப் பிறகு எங்களுக்குச் சின்ன ரேடியோவும் சைக்கிள் டைனமோவும்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, அயலெல்லாம் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்கும். கசற் போட்டால், சுற்றுகிறவர் களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபடும், பெண் குரல் ஆண் குரலாகிவிடும். உடனே அடுத்தவர் வந்து மிதியை வாங்கிக்கொள்வார்.

1996 யூலையில் இடம்பெயரும்போது உழவு இயந்திரத்தில் இடமில்லை. "உது பாடாத பெட்டி அண்ணை, ரெண்டு மூட்டை நெல்லை ஏத்துங்கோ" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கறன்ற் வரேக்கை பாடும்" என்றுவிட்டு அப்பா பெட்டியைத்தான் ஏற்றினார்.

2002இல் சண்டை நிறுத்தம் வந்து, மூடிக்கிடந்த ஏ9 பாதை (யாழ்ப்பாணம் - கண்டி வீதி) திறந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ்ஸில் போனார். கண்டென்சர்கள் (மின்னைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளைகள்) காய்ந்துபோனதுதான் வருத்தம், மற்றதெல்லாம் சுகம் என்றாராம் திருத்தினவர். வீட்டில் ஜெனரேற்றரில் பாட வைத்தோம். பன்னிரண்டு வருட மௌனத்துக்குப் பிறகு வந்த சத்தம். அம்மா அடுப்பை விட்டு எழும்பி வந்து நின்றா.

2008 கடைசியில் சண்டை கிட்ட வர, திரும்ப இடம்பெயர முதல் அதை யூரியா பையால் சுற்றி மாமரத்தடியில் தாட்டோம். 2010இல் திரும்பி வந்தபோது குழி மட்டும் இருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

இப்போது எல்லார் வீட்டிலும் புளூடூத் பெட்டி. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பசை வைத்து ஒட்டியிருப்பதைத் திறக்க வழியில்லை. உள்ளே பற்றரி செத்தால் பெட்டியும் செத்தது. அந்த ரிசீவரின் மூடியோ நாலு ஸ்குரூ கழற்றினால் கையோடு வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு கண்டென்சரும் தனித்தனியே தெரியும், பழுதானதை மட்டும் மாற்றலாம். தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். எங்கள் கையாலேயே அதை உடைத்துக் கிலோக் கணக்கில் விற்பதை என்னால் தாங்க முடியவில்லை. யாரிடமாவது பாடாத பழைய செற் இருந்தால் இரும்புக்குக் கொடுக்க வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள், வந்து திருத்தித் தருகிறேன். காசு வேண்டாம், சாமான் விலை மட்டும் போதும்.

வாங்கி வந்ததற்குக் கண்டென்சர் மாற்றி, வொல்யூமின் கரகரப்புக்கு மருந்தடித்து, முகப்புக்குப் புது லைற்றும் போட்டேன். நேற்றுப் பின்னேரம் அப்பாவின் கட்டிலடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு குமிழை ஒருதரம் சுண்டினார். முள்ளு மற்றக் கரைக்குப் போய் நின்றது.

"திருச்சி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றார்.