முள் கூடக் காட்டினால் டிரைவர் திருடனா?

அந்த வாடகைக் கார் வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். காரின் முள் 100இல் நிற்கிறது, கைப்பேசி 94 என்கிறது. உடனே "மீட்டரில் கை வைத்திருக்கிறான்" என்று தீர்ப்பு. வாடகையில் பணத்தைப் பிடித்துக்கொண்டதோடு விடாமல், அந்த மனிதரின் முகத்தையும் நம்பர் பிளேட்டையும் போட்டாயிற்று. கீழே கைதட்டல் வேறு.

வேகம் காட்டும் முள் வேறு, கிலோமீட்டர் கூட்டும் எண் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவரைத் திருடன் என்கிறீர்கள்.

முள் கொஞ்சம் கூடக் காட்டுவது கம்பெனியிலேயே அமைத்து அனுப்புவது. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி இருக்கிறது. முள் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது அது. கூடலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் இன்னும் 4 கிலோமீட்டர் வரை. நிஜத்தில் 100இல் போகும் வண்டி 114 காட்டினாலும் அந்த விதிப்படி சரிதான். டயர் புதிதோ தேய்ந்ததோ, ஓட்டுபவர் தன்னை அறியாமல் வேக வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வீடியோ எடுத்தவர் தன் சொந்தக் காரிலும் கைப்பேசியை வைத்துப் பார்க்கட்டும். அப்போது யாரைத் திருடன் என்பார்?

கிலோமீட்டர் கணக்கு அப்படியல்ல. சக்கரம் சுற்றுவதை சென்சார் எண்ணுகிறது, அதை டயரின் சுற்றளவோடு பெருக்கினால் தூரம். முள்ளுக்குக் கூட்டிவைக்கும் அந்த உபரி பொதுவாக இதில் சேர்வதில்லை. டயர் தேய்ந்தால் கொஞ்சம் கூடும், உண்மை. எவ்வளவு? 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புது டயர், சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவான 1.6 வரை தேய்ந்தாலும் ஏறக்குறைய 2 சதவீதம். 500 கிலோமீட்டர் பயணத்தில் 10 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 140 ரூபாய். அதுவும் மொட்டையாகப் போகிற டயரில்!

"மேப்பில் காட்டிய தூரத்தைவிட மீட்டரில் அதிகமாக வந்ததே" என்று ஒருவர் கேட்டிருந்தார். வாடகை ஷெட் டு ஷெட், அதாவது வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்கே திரும்பும் வரை, என்று பேசித்தானே வண்டி ஏறுகிறீர்கள்? வழியில் சொந்தக்காரர் வீட்டுக்கு ஊருக்குள் விடச் சொன்னது, நல்ல ஹோட்டல் தேடித் திரும்பியது, நான்கு வழிச்சாலையில் யூ டர்னுக்காகச் சுற்றியது எல்லாம் மேப்புக்கு எப்படித் தெரியும்? சந்தேகமிருந்தால் நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. பத்து கல் தூரம் ட்ரிப் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் பெரிய வித்தியாசம் வந்தால் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

என் அப்பா வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். அந்தக் கால மீட்டருக்கு கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வரும். அது அறுந்தால் முள்ளும் எண்ணும் செத்துவிடும். அப்படி நடந்த ஒருநாள் அப்பா சாலையோரக் கற்களைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போது அந்த நோட்டைக் கையில்கூட வாங்காமல், "எத்தனை கிலோமீட்டர் சேர்த்து எழுதினே?" என்று கேட்டார் வந்தவர், எங்கள் தெருவில், எல்லோருக்கும் முன்னால். அப்பாவைவிட வயதில் சின்னவர். அப்பா ஒன்றும் பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"அப்பா டிரைவர் என்பதால் வக்காலத்து வாங்குகிறாய்" என்பீர்கள். ஆமாம், வாங்குகிறேன். வேறு யார் வாங்குவார்கள்?

"ஸ்விட்ச் வைத்துக் கிலோமீட்டர் ஏற்றுகிறவர்களே இல்லையா?" இருக்கிறார்கள். பிடித்துக் கொடுங்கள். ஆனால் வேகமுள் அதற்குச் சாட்சி இல்லை, இதை எத்தனை முறை சொல்வது?

மீட்டர் மோசடி என்று பேச ஆரம்பித்தால், அதில் பெரியது கூட்டுவதில் இல்லை, குறைப்பதில் இருக்கிறது. பழைய கார் விற்கும்போது லட்சத்தைத் தாண்டிய எண்ணை நாற்பதாயிரத்துக்கு இறக்கி, "டாக்டர் ஓட்டினது சார், சிங்கிள் ஓனர்" என்று தள்ளிவிடுவது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான எண்ணோடு விற்கப்படுவதாக அந்த அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற கிலோமீட்டர் சான்று கொடுத்துத்தான் பழைய காரை விற்க வேண்டும். சட்டை மடிப்புக் கலையாமல் எண்ணைக் குறைத்து விற்கிறவர்களை எதிரில் உட்கார்த்தி டீ வாங்கிக் கொடுத்துப் பேரம் பேசுகிறோம். அவர்கள் முகத்தை யாராவது வீடியோ எடுத்துப் போட்டதுண்டா? ராத்திரி முழுக்கக் கண்விழித்து உங்கள் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியவர் முகம்தான் உங்களுக்குக் கிடைத்தது.

அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கும்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். பிடித்த பணத்தை இன்றே அனுப்புங்கள். "நாங்கள் மீட்டரைத் தவறாகப் புரிந்துகொண்டோம்" என்று அதே பக்கத்தில், அதே போல எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.