எதிர்பாராத செலவு

(கொழும்பு, வெள்ளவத்தை. இராசநாயகம் வீட்டு பிளானை மேசையில் விரித்து வைத்திருக்கிறார். மனைவியின் தம்பி ரமணன் கட்டடக் கணக்குப் பார்க்கிறவன்.)

ரமணன்: அத்தான், 2000 சதுர அடி, அடிக்கு 15,000 படி மூன்று கோடி. இதிலே மதில் எங்கே?

அத்தான்: வீட்டுக் கணக்கிலே மதில் ஏன் வருது?

ரமணன்: மதில், கேற், மலகூடக் குழி, தண்ணீர், கரண்ட், மாநகர சபைக் கட்டணம். அநேகமாக இதெல்லாம் சதுர அடி விலைக்கு வெளியேதான்.

அத்தான்: கொந்திராத்துக்காரர் எல்லாம் அடக்கம் என்றாரே.

ரமணன்: எழுத்திலேயா?

அத்தான்: தோளிலே தட்டிச் சொன்னார்.

ரமணன்: அதை பீ.ஓ.கியூ.வில், வேலை அளவு விலைப் பட்டியலில், எந்த வரியிலே போடுறது? சரி, எதிர்பாராத செலவுக்குப் பத்து வீதம், முப்பது இலட்சம் ஒதுக்கச் சொன்னேனே?

அத்தான்: ஒதுக்கினேன். போன வாரம் வரை இருந்தது.

ரமணன்: இன்னும் அத்திவாரமே வெட்டவில்லை!

அத்தான்: உன் அக்கா பான்ட்ரி அலமாரி பார்த்துவிட்டாள். எனக்கு அது எதிர்பாராத செலவுதான்.

ரமணன்: ஐயோ அத்தான்! தோண்டும்போது சேறு வந்தால், சாமான் விலை ஏறினால், அதற்குத்தான் அந்தக் காசு. 2022 இல் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது மறந்துபோச்சா?

அத்தான்: அதுக்குப் பயந்துதானே அப்போது கட்டாமல் விட்டேன். இப்போது கனடாத் தங்கச்சி வேறு வட்சப்பில் படம் அனுப்புறாள். கூரையை நல்லாச் சரித்துப் போடட்டாம், பனி வழுக்கி விழ.

ரமணன்: வெள்ளவத்தையில் பனியா?

அத்தான்: பத்தாயிரம் டொலர் தாறாள். பனி விழும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ரமணன்: டைல்ஸுக்கு அடிக்கு 350 போட்டிருக்கு. அக்கா எடுத்தது?

அத்தான்: 800. நானூற்றைம்பதுதானே கூட.

ரமணன்: 2000 அடியாலே பெருக்குங்கோ.

(கல்குலேட்டரை அமத்துகிறார். துடைத்துவிட்டு மறுபடி அமத்துகிறார்.)

அத்தான்: இது பழுது.

ரமணன்: ஒன்பது இலட்சம், வெட்டிக் கழிகிற துண்டுகளைச் சேர்க்காமல். அத்தான், மாற்றுறதெல்லாம் இந்தக் கடதாசியிலேயே மாற்றுங்கோ, அழிறப்பர் மலிவு. கொங்கிரீட் தட்டுப் போட முன்னமே வயர்க் குழாய் உள்ளே போய்விடும். பிறகு ஃபானை இரண்டடி தள்ளு என்றால் உடைக்கத்தான் வேணும்.

அத்தான்: அருமை. இதை அப்படியே உன் அக்காவிடம் சொல்லு.

ரமணன்: நானா? எனக்குப் பழைய சோனகத் தெருவிலே கம்பி விலை கேட்கவேணும். வாறேன்.

அத்தான்: இன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை, கடையெல்லாம் பூட்டு. இரு, அவள் தேத்தண்ணியோடு வாறாள்.