கேட்டது 30 ராண்ட்

"தொழிற்சங்கம் கூலியைப் பற்றி மட்டும் பேசட்டும், அரசியல் எதற்கு?" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் செங்கல் தொழிற்சாலை நினைவுக்கு வரும்.

1973 ஜனவரி 9. கொரோனேஷன் செங்கல் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,000 பேர் வேலைக்குப் போகாமல் கால்பந்து மைதானத்தில் கூடினார்கள். வாரக் கூலி 9 ராண்டுக்கும் சற்றுக் குறைவு. அவர்கள் கேட்டது 30. பேசுவதற்கு ஒரு குழுவை அனுப்பச் சொன்னது நிர்வாகம், கூட்டம் மறுத்துவிட்டது. முன்னால் போகிறவனுக்கு முதலில் வேலை போகும், அடுத்து போலீஸ் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பேசுவதென்றால் எங்கள் எல்லோரிடமும் பேசு என்று நின்றார்கள். சாலையில் நடந்தபோது வண்டிகளை ஒதுக்க ஒருவர் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டே முன்னே போனார்.

கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் துணி ஆலைகளிலும் நகராட்சியிலும் வேலை நின்றது. மார்ச் முடிவதற்குள் 60,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள்.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. அன்றைய நிறவெறி அரசின் தொழில் சமரசச் சட்டத்தின் வரையறைப்படி, கறுப்பின ஆப்பிரிக்கர் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டார். நாள் முழுக்கச் செங்கல் சுமக்கலாம், ஆனால் அவர் தொழிலாளி இல்லை! அவருடைய சங்கத்தைப் பதிவு செய்ய முடியாது. வேலை போனால் பலருக்கு நகரத்தில் தங்கும் அனுமதியும் போகும். கறுப்பினத்தவர் எங்கே இருக்கலாம் என்பதை அனுமதிச் சீட்டால் கட்டுப்படுத்திய பாஸ் சட்டம் அவரை ஊரைவிட்டே துரத்தும். இப்படிப்பட்ட இடத்தில் கூலியையும் அரசியலையும் எந்தக் கத்தியால் வெட்டிப் பிரிப்பது? அரசே பிரிக்கவில்லையே. உணவுத் தொழிலாளர் சங்கத்தில் ஊதியமில்லாமல் உழைத்த இளம் மருத்துவர் நீல் அகெட்டைப் பாதுகாப்புப் போலீஸ்தான் பிடித்துச் சென்றது. 1982 பிப்ரவரி 5 அன்று காவலிலேயே இறந்தார். அப்போது வயது 28. தற்கொலை என்று எழுதி மூடினார்கள். அவரைக் கொன்றது போலீஸ்தான் என்று நீதிமன்றம் சொல்ல 2022 ஆகிவிட்டது.

1979இல் அந்த வரையறையை அரசு தளர்த்த வேண்டியதாயிற்று. 1985 டிசம்பரில் கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்ததும் அதே டர்பனில்தான். மண்டேலா விடுதலையானதை மட்டும் கொண்டாடுகிறவர்கள் 1996 அரசியலமைப்பின் 23ஆம் பிரிவையும் ஒருமுறை படிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு என்கிறது அது.